முறைசார் இலக்கிய மீளாய்வு: கட்டுரைகளைத் தேடவும் தெரிவுசெய்யவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் முதன்முறையாக ஆய்வில் இறங்கும் மாணவர்களும், கடமை முடிந்த நேரத்தில் பட்டப்பின் படிப்பைத் தொடரும் தாதியரும் ஆசிரியர்களும், முறைசார் இலக்கிய மீளாய்வு (ஒரு கேள்வி பற்றி வெளிவந்த ஆய்வுகளை வகுத்த முறைப்படி தேடித் திரட்டி மதிப்பிடுவது) என்றதும் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன்தான் வருகிறார்கள்: எத்தனை கட்டுரைகள் வேண்டும்? இருபது போதுமா, ஐம்பதாவது இருக்க வேண்டுமா? இதற்கு முன்கூட்டியே சொல்லக்கூடிய விடை கிடையாது. ஏழு கட்டுரைகளுடன் முடியும் நல்ல மீளாய்வும் உண்டு, நூற்றைம்பதைச் சேர்த்தும் பயனின்றிப் போவதும் உண்டு. கேட்க வேண்டியது வேறொன்று: நீங்கள் தேடிய வழியை எழுதி இன்னொருவர் கையில் கொடுத்தால், அவரும் இதே கட்டுரைகளிடம் வந்து சேர்வாரா? வழமையான இலக்கிய மீளாய்வில் எழுதுபவர் தமக்குத் தெரிந்தவற்றையும் தம் வாதத்துக்கு உதவுபவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். முறைசார் மீளாய்விலோ எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்ற மூன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்துகொண்டேன். என் முதல் மீளாய்வுக்காக மூன்று வாரம் கூகுள் ஸ்கொலரில் தேடி, எழுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளைப் பதிவிறக்கி வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் கோப்புறையைப் பார்த்துவிட்டு, "என்ன சொல் போட்டுத் தேடினீங்கள்? எந்தத் திகதியில்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதே சொற்கள் என்று நினைத்தவற்றைத் திரும்பவும் போட்டுப் பார்த்தபோது முன்பு வந்த கட்டுரைகள் அதே வரிசையில் வரவில்லை, சில வரவேயில்லை. அந்த எழுபதையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே இந்த வேலையைத் தொடங்குமுன் ஒரு குறிப்பேட்டையோ எக்செல் தாளையோ திறந்து வையுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அதில் ஏதாவது எழுத வேண்டியிருக்கும்.

கேள்வியை இறுக்குதல்

விளக்கத்துக்காக நம் கரையிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நிலாவெளி, இறக்கண்டி, குச்சவெளிப் பக்கமாகச் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், உடலில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகி மூட்டு வலி முதல் கால் செயலிழப்பு வரை கொண்டுவரும். இதைத்தான் டிகொம்பிரஷன் நோய் என்கிறார்கள். இதைப் பற்றி மீளாய்வு செய்ய விரும்பும் மாணவர் "சுழியோடிகளின் உடல்நலம்" என்று தலைப்பிட்டால் காது வலியும் தோல் நோயும் சுறாக் கடியும் சேர்ந்து வரும். "மீன்பிடித் தொழிலுக்காகச் சுழியோடுபவர்களிடையே டிகொம்பிரஷன் நோய் எவ்வளவு காணப்படுகிறது, அதற்குக் காரணங்களாக எவை கண்டறியப்பட்டுள்ளன?" என்று கேட்டால் எல்லை தெரிகிறது. யார், எந்த நோய், எந்தச் சூழல் என்ற மூன்றும் அந்த வாக்கியத்திலேயே இருக்கின்றன. சிகிச்சை ஒன்று பலன் தருகிறதா என்று கேட்பவர்கள், நோயாளர், சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்ற நான்கையும் கொண்ட பிக்கோ வடிவத்தைப் பயன்படுத்துவார்கள். பரவலை அளக்கும் கேள்விக்கு அதை வலிந்து பொருத்தத் தேவையில்லை.

கேள்வி இறுகியதும் இதே மீளாய்வை வேறு யாராவது செய்துவிட்டார்களா என்று பாருங்கள். உடல்நலம் சார்ந்ததாயின் முறைசார் மீளாய்வுகளை வெளியிடும் கொக்ரேன் நூலகத்தையும், மீளாய்வுத் திட்டங்களைப் பதிவதற்காக யோர்க் பல்கலைக்கழகம் 2011ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ப்ரொஸ்பெரோ பதிவேட்டையும் பார்க்க வேண்டும். பின்னையதில் இன்னும் முடியாத மீளாய்வுகளும் பதிவாகியிருக்கும் என்பதால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகாமல் தப்பலாம். உங்கள் திட்டத்தையும் அங்கே இலவசமாகப் பதியலாம். ஆனால் கட்டுரைகளிலிருந்து தரவைப் பிரித்தெடுக்கத் தொடங்குமுன் பதிய வேண்டும்.

அதே நாளில் சேர்ப்பதற்கும் விலக்குவதற்குமான அளவுகோல்களையும் எழுதிவிடுங்கள். எந்த ஆண்டு முதல், எந்த வகை ஆய்வுகள், எந்த வகைச் சுழியோடிகள், நோயை மருத்துவர் உறுதிசெய்திருக்க வேண்டுமா அல்லது சுழியோடியே சொன்னால் போதுமா என்பனவற்றை ஒரு கட்டுரையையும் பார்க்குமுன் முடிவுசெய்ய வேண்டும். பார்த்த பிறகு எழுதும் அளவுகோல், நமக்குப் பிடித்த கட்டுரையை உள்ளே விடும்படி தானாகவே வளைந்துவிடும். எழுதுபவர் நேர்மையானவராக இருந்தாலும் இது நடக்கும்.

சொற்களைச் சேர்த்தல்

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. புதியவர்கள் இதற்கு அரை மணி நேரம் கொடுக்கிறார்கள், நான் ஒரு வாரம் கேட்பேன். ஏனென்றால் பிந்திய படியில் செய்யும் பிழையைத் திருத்தலாம், ஆனால் தேடலில் வராத கட்டுரை வரவில்லை என்பதே நமக்குத் தெரியாது.

நம் உதாரணத்தில் நோய்க்கே பல பெயர்கள் உள்ளன. டிகொம்பிரஷன் சிக்னெஸ் என்பது இன்றைய வழக்கு. டிகொம்பிரஷன் இல்னெஸ் என்பது அதைவிட அகன்ற பொருளுடையது. பெண்ட்ஸ் என்பது சுழியோடிகளின் பேச்சு. கெசோன் நோய் என்பது பழைய பெயர்: 19ஆம் நூற்றாண்டில் பாலங்களுக்கு அத்திவாரம் போட, அமுக்கமூட்டிய காற்று நிரம்பிய பெட்டிகளுக்குள் ஆற்றடியில் வேலை செய்தவர்களிடம் இந்நோய் கண்டதால் வந்தது. பழைய கட்டுரைகளும் வேண்டுமானால் அந்தப் பெயரும் வேண்டும். பிடிக்கும் பொருளுக்கும் இதே நிலைதான். கடலட்டைக்கு ஆங்கிலத்தில் சீ குகும்பர் என்று மட்டும் போட்டால், பெஷ்-டி-மெர், ட்ரெபாங், ஹொலோதூரியன் என்று எழுதியவர்களின் கட்டுரைகள் கை நழுவும். இடப் பெயரிலும் கவனம் வேண்டும். நம் நாட்டின் பெயர் 1972இல்தான் மாறியது. அதற்கு முந்திய கட்டுரைகள் சிலோன் என்ற பெயரில்தான் கிடக்கின்றன.

சித்த மருத்துவ மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். நிலவேம்பைத் தேடுபவர் அன்ட்ரோகிராஃபிஸ் பனிகுலேட்டா என்ற தாவரவியல் பெயர், வட இந்திய வழக்கான கால்மேக், சிங்களத்தில் வழங்கும் ஹீன் பின்கொஹொம்ப, தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வெவ்வேறு விதமாக எழுதிய வடிவங்கள் எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டும்.

சேர்த்த சொற்களை இணைக்கும் முறை எளிது. ஒரே கருத்தைக் குறிக்கும் சொற்களை, "அல்லது" என்று பொருள்படும் "ஓர்" என்ற ஆங்கில இணைப்பால் கோத்து அடைப்புக்குறிக்குள் இடுங்கள். இப்படி அமைத்த நோய்க் கூட்டத்தையும் சுழியோடிக் கூட்டத்தையும், இரண்டும் இருக்க வேண்டும் என்று பொருள்படும் "அண்ட்" என்பதால் சேருங்கள். ஒரு சொல் உள்ளவற்றை விலக்கும் "நொட்" என்பதை முடிந்தவரை தவிருங்கள். பொழுதுபோக்குச் சுழியோடிகள் வேண்டாம் என்று அதைப் போட்டால், மீனவச் சுழியோடிகளையும் பொழுதுபோக்குச் சுழியோடிகளையும் ஒப்பிட்ட அருமையான கட்டுரையும் சேர்ந்து போய்விடும்.

சொல்லின் அடிப்பகுதியை எழுதி நட்சத்திரக் குறி இட்டால் அதன் எல்லா வடிவங்களும் வரும் என்பது பலருக்குத் தெரியும். அதன் ஆபத்து பலருக்குத் தெரியாது. டைவர் என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துகளுக்குப் பின் நட்சத்திரம் போட்டால், டைவர்சிட்டி பற்றிய கட்டுரைகளும் குடலில் வரும் டைவர்ட்டிகுலம் பற்றிய கட்டுரைகளும் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அந்த இடத்தில் ஒருமையையும் பன்மையையும் தனித்தனியே எழுதுவதே நல்லது. படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே காற்றெடுத்துச் சுழியோடுவதை ஆங்கிலத்தில் ஹூக்கா என்பார்கள். அந்தச் சொல்லைத் தனியாகப் போட்டுத் தேடினால் புகைபிடிக்கும் ஹூக்காவைப் பற்றிய ஆய்வுகள்தான் முன்னே நிற்கும். "ஹூக்கா டைவிங்" என்று மேற்கோள் குறிக்குள் சேர்த்துப் போட வேண்டும்.

தேடல் வரி தயாரானதும் சோதித்துப் பாருங்கள். இந்தப் பொருளில் கட்டாயம் வர வேண்டியவை என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நான்கைந்து கட்டுரைகளை எடுத்து, அவை உங்கள் தேடலில் வருகின்றனவா என்று பாருங்கள். ஒன்று வராவிட்டால் அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் வாசித்து, எந்தச் சொல் உங்களிடம் இல்லை என்று கண்டுபிடியுங்கள். மூன்று நான்கு முறை இப்படித் திருத்தாமல் நல்ல தேடல் வரி அமைந்து நான் கண்டதில்லை.

எங்கே தேடுவது

குறைந்தது இரண்டு தரவுத்தளங்களிலாவது தேட வேண்டும். மருத்துவத்துக்கு முதலில் போக வேண்டிய இடம் பப்மெட். 1997ஆம் ஆண்டிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. அதிலுள்ள பெரும்பாலான கட்டுரைகளுக்கு மெஷ் எனப்படும் பொருட்தலைப்புகள் இடப்பட்டுள்ளன. ஆசிரியர் பெண்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் கெசோன் நோய் என்று எழுதியிருந்தாலும் ஒரே பொருட்தலைப்பின் கீழ் வந்துவிடும். ஆனாலும் அதை மட்டும் நம்பக் கூடாது. புதிதாக வந்த கட்டுரைகளுக்கும் சில சிறிய சஞ்சிகைகளின் கட்டுரைகளுக்கும் பொருட்தலைப்பு இல்லாமல் இருக்கலாம். அதனால் பொருட்தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் "ஓர்" போட்டுச் சேர்த்துத் தேடுங்கள். ஸ்கோபஸ், வெப் ஒஃப் சயன்ஸ், எம்பேஸ் ஆகியவை கட்டணத் தளங்கள். உங்கள் நிறுவனத்துக்கு எவற்றில் அனுமதி உண்டு என்பதை நூலகரிடம் கேளுங்கள். தேடல் வரியையும் அவரிடம் காட்டுங்கள், அவருடைய தொழிலே அதுதான்.

இலங்கைச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளம் உண்டு. பல்கலைக்கழகங்களின் களஞ்சியங்களில் ஆய்வேடுகள் கிடைக்கும். தமிழில் எழுதப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் உலகத் தரவுத்தளங்களுக்குள் வருவதில்லை, அவற்றை இங்கே நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும். நம் உதாரணத்துக்கு ஸ்பானிய மொழியையும் மறக்கக் கூடாது. கடலடியில் சிங்க இறால் பிடித்து உடல் செயலிழந்த மிஸ்கித்தோ மக்கள் ஹொண்டுராஸிலும் நிக்கராகுவாவிலும் வாழ்கிறார்கள், எக்குவடோரின் கலாபகோஸ் தீவுகளில் கடலட்டைச் சுழியோடிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய எழுத்து லிலாக்ஸ், சைலோ ஆகிய இலத்தீன் அமெரிக்கத் தளங்களில் கிடைக்கும். ஆங்கிலத்துக்கு மட்டும் என்று தொடக்கத்திலேயே கட்டுப்பாடு போட்டால், நம் மீனவரின் நிலைக்கு மிக நெருங்கிய ஆய்வுகளையே இழந்துவிடுவோம். மிஸ்கித்தோ சுழியோடிகளின் வழக்கு அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 2021இல் தீர்ப்பாகியது. இவ்வகை ஆவணங்கள் சஞ்சிகைக் கட்டுரைகள் அல்ல என்றாலும், அவற்றில் மேற்கோள் காட்டப்பட்டவை வழியாக நல்ல ஆய்வுகளைச் சென்றடையலாம்.

கூகுள் ஸ்கொலரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. எத்தனை ஆயிரம் முடிவுகள் என்று காட்டினாலும் அது முதல் 1000ஐ மட்டுமே பார்க்க விடும், அதன் வரிசையும் நாளுக்கு நாள் மாறும். ஆகவே துணைத் தேடலாக வைத்துக்கொண்டு, "முதல் 200 முடிவுகளைப் பார்த்தேன்" என்பதுபோல எல்லையைக் குறித்துவையுங்கள்.

தரவுத்தளங்கள் முடிந்ததும் கட்டுரைகளின் வழியே கட்டுரைகளைத் தேடுங்கள். நல்ல கட்டுரை ஒன்றின் உசாத்துணைப் பட்டியலைப் பார்த்துப் பின்னோக்கிச் செல்லலாம், அதை மேற்கோள் காட்டியவற்றைப் பார்த்து முன்னோக்கியும் செல்லலாம். 2005இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று, பெரிய மீளாய்வு ஒன்றின் மூலங்களைக் கணக்கிட்டது. திட்டமிட்ட தேடலில் கிடைத்தவை 30 சதவீதம்தான். 51 சதவீதம் இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து சென்று கிடைத்தவை. சிக்கலான, பல துறைகளில் சிதறிக் கிடக்கும் பொருள்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

ஒவ்வொரு தேடலுக்கும் தளத்தின் பெயர், தேடிய திகதி, இட்ட வரி எழுத்துப் பிசகாமல், வைத்த கட்டுப்பாடுகள், கிடைத்த எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் அதே நேரத்தில் குறித்துவையுங்கள். இணைய இணைப்பு அறுந்துபோனாலும் மின்சாரம் போனாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சலித்தல்

எல்லாத் தளங்களிலிருந்தும் முடிவுகளை ஏற்றுமதி செய்து, உசாத்துணைகளை ஒழுங்குபடுத்தும் ஸொட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்த்து, ஒரே கட்டுரை இருமுறை வந்திருந்தால் ஒன்றை நீக்குங்கள். நீக்கியவற்றின் எண்ணிக்கையை எழுதுங்கள்.

அடுத்தது தலைப்பையும் சுருக்கத்தையும் வாசித்துச் சலிப்பது. இதை இருவர் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் செய்ய வேண்டும். கட்டாரில் உருவான ரய்யான் என்ற இணையக் கருவியில் மற்றவரின் முடிவை மறைத்துவைக்கும் வசதி உண்டு, அதன் இலவசக் கணக்கே மாணவர் ஒருவரின் தொடக்கத்துக்குப் போதும். தனியாக ஆய்வு செய்பவர் சக மாணவர் ஒருவரைக் கேட்டு, பத்தில் ஒரு பங்கையாவது அவரும் சலிக்கும்படி செய்யலாம். அப்படிச் செய்ததை ஒளிக்காமல் எழுதினால் போதும்.

முதலில் இருபது தலைப்புகளில் ஒத்திகை பாருங்கள். ஒரு பிற்பகல் நூலக மேசையில் இரண்டு மாணவிகள் இந்தத் தலைப்பில் ஒத்திகை பார்த்ததை அருகிலிருந்து கவனித்தேன். ஜப்பானின் அமா எனப்படும், மூச்சடக்கிச் சுழியோடும் பெண்களைப் பற்றிய கட்டுரையில் ஒருவர் "சேர்" என்று போட்டிருந்தார், மற்றவர் "விலக்கு" என்று போட்டிருந்தார். இருவரிடமும் நியாயம் இருந்தது. அமாக்களும் தொழிலுக்காகவே சுழியோடுகிறார்கள், அவர்களிடமும் இந்நோயின் நரம்பு அறிகுறிகள் பதிவாகியுள்ளன. ஆனால் அவர்கள் காற்றுக் குழாயோ உருளையோ பயன்படுத்துவதில்லை. பிழை அளவுகோலில்தான் இருந்தது: "சுழியோடிகள்" என்று எழுதியிருந்தார்களே தவிர எவ்வகை என்று எழுதியிருக்கவில்லை. அரை மணி நேரம் பேசி, "அமுக்கமூட்டிய காற்றைச் சுவாசித்துச் சுழியோடுபவர்கள்" என்று திருத்தினார்கள். திருத்திய திகதியையும் காரணத்தையும் குறிப்பேட்டில் பதிந்தார்கள். அளவுகோலை இடையில் திருத்துவது குற்றமல்ல. திருத்தியதை மறைத்தால்தான் மீளாய்வு கெட்டுப்போகும்.

இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைச் சதவீதத்தால் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். நூறு கட்டுரைகளில் இருவரும் 10ஐச் சேர்த்து, 80ஐ விலக்கி, மீதிப் பத்தில் ஆளுக்கு ஐந்தைத் தனியே சேர்த்திருந்தால் ஒத்திசைவு 90 சதவீதம். ஆனால் இருவரும் பெரும்பாலானவற்றை விலக்குவதால், தற்செயலாகவே 74.5 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்துக் கணக்கிடும் கோஹனின் கப்பா மதிப்பு 0.61 மட்டுமே. மோசமில்லை என்றாலும், அளவுகோலை இன்னொரு முறை பேசிப் பார்க்க வேண்டிய நிலைதான் அது.

இந்தக் கட்டத்தில் ஐயம் வந்தால் விலக்காதீர்கள், அடுத்த கட்டத்துக்கு அனுப்புங்கள். சுருக்கத்தில் சொல்லாத விடயம் கட்டுரைக்குள் இருக்கலாம்.

முழுக் கட்டுரையை வாசித்தல்

முழுப் பிரதி கிடைக்காதபோது, அன்பேவோல் போன்ற உலாவி நீட்சிகள் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதியைக் காட்டும். அதுவும் இல்லையென்றால் கட்டுரையாசிரியருக்கு மரியாதையாக மின்னஞ்சல் எழுதுங்கள். பலர் மகிழ்ச்சியுடன் அனுப்புவார்கள். இருமுறை கேட்டும் கிடைக்காவிட்டால் "பிரதி கிடைக்கவில்லை" என்ற கணக்கில் சேருங்கள்.

இங்கே விலக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியே காரணம் எழுத வேண்டும். "பொருந்தவில்லை" என்பது காரணமாகாது. "படைச் சுழியோடிகள் மட்டும்", "நோயின் எண்ணிக்கை தரப்படவில்லை" என்று எழுதுங்கள். ஒரே ஆய்வு இரண்டு கட்டுரைகளாக வெளிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆசிரியர்கள், இடம், ஆண்டு, சுழியோடிகளின் எண்ணிக்கை எல்லாம் ஒத்திருந்தால் இரண்டையும் ஒரே ஆய்வாகக் கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதே மனிதர்களை இருமுறை எண்ணிவிடுவோம்.

மீளப்பெறப்பட்ட, அதாவது வெளியிட்ட சஞ்சிகையே பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரைகளிலும் கவனம் வேண்டும். தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998இல் வெளிவந்த கட்டுரை 2010இல்தான் முழுமையாக மீளப்பெறப்பட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அதை நம்பி எழுதியவர்கள் பலர். ஸொட்டேரோவில் சேர்த்த கட்டுரை மீளப்பெறப்பட்டிருந்தால் அது தானாகவே சிவப்பு எச்சரிக்கை காட்டும்.

தரத்தை அளப்பதைத் தெரிவுடன் குழப்பாதீர்கள். சஞ்சிகையின் புகழைப் பார்த்துச் சேர்ப்பதும், ஆய்வின் முடிவு நாம் எதிர்பார்த்ததற்கு மாறாக இருப்பதால் "தரம் குறைவு" என்று விலக்குவதும் முறையாகா. அளவுகோலுக்குப் பொருந்தியதைச் சேர்த்துவிட்டு, பிறகு அதன் வகைக்குரிய வினாப்பட்டியலால் பலவீனத்தை மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டை வாசகருக்குக் காட்ட வேண்டும். ஜோஆன்னா பிரிக்ஸ் நிறுவனத்தின் பட்டியல்கள் பரவல் ஆய்வுகளுக்கும் தனிநோயாளர் அறிக்கைகளுக்கும் தனித்தனியே இலவசமாகக் கிடைக்கின்றன.

கணக்கு முழுவதையும், முறைசார் மீளாய்வை எப்படி எழுதிக் காட்டுவது என்று சொல்லும் பிரிஸ்மா 2020 வழிகாட்டலின் பாய்வு வரைபடத்தில் காட்டுங்கள். 900 பதிவுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். இரட்டிப்பு 260 போக 640. தலைப்பிலும் சுருக்கத்திலும் 560 விலக்கப்பட்டால் 80. ஆறின் பிரதி கிடைக்கவில்லை. வாசித்த 74இல் 52 காரணத்துடன் விலக்கப்பட்டு 22 மிஞ்சுகின்றன. ஓரிடத்தில் ஓர் எண் பிசகினாலும் பரீட்சகரின் கண் அங்கேதான் முதலில் போகும். அந்த வழிகாட்டலின் 27 அம்சங்களையும் எழுதி முடித்த பின் தேடிப் பார்ப்பதைவிட, தொடங்கும் நாளிலேயே அச்செடுத்து மேசையில் வைத்திருப்பது நல்லது.

தேடலுக்கும் சமர்ப்பிப்புக்கும் இடையே பெரும்பாலும் ஓராண்டு ஓடிவிடுகிறது. சமர்ப்பிக்குமுன் எல்லாத் தளங்களிலும் அதே வரிகளை மீண்டும் இட்டு, முந்திய திகதிக்குப் பின் சேர்ந்தவற்றை மட்டும் எடுங்கள். அவற்றையும் அதே அளவுகோல்களால் அதே இருவரும் சலித்து, வரைபடத்தின் எண்களைத் திருத்தி, கடைசியாகத் தேடிய திகதியை முறையியல் பகுதியில் குறிப்பிடுங்கள்.